ஐஎஸ்ஓ கோப்பிலிருந்து உபுண்டு சர்வர்: முதல்முறை நிறுவுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சர்வர் இயங்குதளத்தை இன்ஸ்டால் செய்வது என்றதும் பலருக்கும் ஒரு தயக்கம் வந்துவிடுகிறது. மௌஸ் வேலை செய்யாது, திரையில் வெறும் எழுத்துகள்தான், எதையாவது தப்பாக அழுத்திவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயம். உண்மையில் இன்ஸ்டாலர் ஓடும் நேரம் கொஞ்சம்தான். ஓரளவு வேகமான கணினியில் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். புதியவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அதற்கு முன்னாலும் பின்னாலும்தான். தப்பான ஐஎஸ்ஓ கோப்பை (இயங்குதளம் முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) இறக்கியிருப்பார்கள், அல்லது பென்டிரைவில் அதை வெறுமனே காப்பி செய்து வைத்திருப்பார்கள். இன்ஸ்டால் முடிந்ததும் கறுப்புத் திரையைப் பார்த்து, ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். இன்ஸ்டாலருக்குள் இருக்கும் ஒரே ஆபத்தான இடம் வட்டைப் பற்றிய திரை. இந்த இடங்களில் நின்று நிதானமாகப் பேசுகிறேன். மற்ற திரைகளை வேகமாகக் கடந்துவிடலாம்.

எடுத்துக்காட்டுக்கு, லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு சர்வரின் 24.04 எல்டிஎஸ் பதிப்பை வைத்துக்கொள்வோம். இது 2024 ஏப்ரலில் வந்தது. உபுண்டுவில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது எல்டிஎஸ், அதாவது நீண்டகால ஆதரவுப் பதிப்பு. அதற்கு ஐந்து ஆண்டுகள் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். நடுவில் ஆறு மாதத்துக்கு ஒன்றாக வரும் பதிப்புகளுக்கு ஒன்பது மாதம்தான் ஆதரவு. சர்வருக்கு எப்போதும் எல்டிஎஸ்ஸையே எடுங்கள். இதைவிடப் புதிய எல்டிஎஸ் இருந்தால் அதையே எடுக்கலாம். திரைகள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். டெபியன், ராக்கி, அல்மா ஆகிய மற்ற லினக்ஸ் வகைகளில் திரைகளின் தோற்றம் வேறு, கேட்கும் கேள்விகள் ஒன்றுதான்.

பழைய பாடங்களைப் பார்த்து சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸின் ஐஎஸ்ஓவைத் தேடிப் போக வேண்டாம். அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. அப்டேட் வராத இயங்குதளத்தை இணையத்தில் விட்டுவைப்பது ஆபத்து.

முதலில் மெய்நிகர் கணினியில் பழகுங்கள்

உங்களிடம் தனியாக ஒரு கணினி இருந்தாலும், முதல் முறை, கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற ஒரு மென்பொருளில் செய்து பாருங்கள் என்பேன். அங்கே வட்டு என்பது ஒரு கோப்புதான். என்ன அழித்தாலும் உங்கள் படங்களும் ஆவணங்களும் அப்படியே இருக்கும். திரைகள் கைப்பழக்கம் ஆனபிறகு உண்மையான கணினிக்குப் போனால் மனம் பதறாது.

மெய்நிகர் கணினிக்கு 2 ஜிபி நினைவகம், 2 பிராசஸர், 25 ஜிபி வட்டு கொடுத்தால் போதும். 4 ஜிபி நினைவகம் கொடுக்க முடிந்தால் இன்னும் வசதி. ஐஎஸ்ஓ கோப்பை அதன் சிடி டிரைவில் மாட்டினால் ஆயிற்று, பென்டிரைவே தேவையில்லை.

இங்கே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸ் 7-இல் ஐஎஸ்ஓவைக் காட்டியதும், கேள்வி எதுவும் கேட்காமல் தானே நிறுவிவிடும் வசதி ஒன்று உண்டு. 'அன்அட்டெண்டட்' என்ற சொல் அங்கே தெரியும். அது நடக்காதபடி தேர்வை மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் வைக்காத ஒரு பயனர்பெயரோடும் பாஸ்வேர்டோடும் சர்வர் வந்து நிற்கும், எப்படி உள்ளே போவது என்று தெரியாது. கற்றுக்கொள்ள வேண்டிய திரைகளும் கண்ணில் படாமலே போய்விடும்.

மெய்நிகர் கணினி தொடங்கவே மறுத்தால், கணினியின் பயாஸ் அமைப்பில் விர்ச்சுவலைசேஷன் முடக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல் கணினிகளில் அது விடி-எக்ஸ் என்ற பெயரில் இருக்கும், ஏஎம்டியில் எஸ்விஎம்.

எந்த ஐஎஸ்ஓ?

ஐஎஸ்ஓ என்பது ஒரு சிடி அல்லது டிவிடியில் இருப்பதை, கணினியைத் தொடங்கவைக்கும் பூட் பகுதி உட்பட, அப்படியே ஒரே கோப்பாக எடுத்து வைத்தது. சிடியில் கோப்புகளை அடுக்கும் முறைக்கு 1988-இல் வந்த ஐஎஸ்ஓ 9660 என்ற தரநிலையிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று சிடி புழக்கத்தில் இல்லை, கோப்பு மட்டும் நிலைத்துவிட்டது.

உபுண்டு தளத்தின் டவுன்லோடு பக்கத்தில் இரண்டு குழப்பங்கள் வரும். ஒன்று, டெஸ்க்டாப் என்றும் சர்வர் என்றும் இரண்டு ஐஎஸ்ஓக்கள் இருக்கும். நமக்கு வேண்டியது சர்வர். கோப்பின் பெயரிலேயே 'லைவ்-சர்வர்' என்று வரும். அளவு சுமார் 3 ஜிபி.

இன்னொன்று, ஏஎம்டி64, ஆர்ம்64 என்ற பின்னொட்டுகள். "என்னிடம் இருப்பது இன்டெல் பிராசஸர், இது ஏஎம்டிக்கான கோப்பாயிற்றே" என்று பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். 64 பிட் விரிவாக்கத்தை முதலில் உருவாக்கியது ஏஎம்டி, இன்டெல் பிறகு அதையே பின்பற்றியது. அதனால்தான் அந்தப் பெயர். இன்டெல், ஏஎம்டி இரண்டுக்கும் ஏஎம்டி64 கோப்புதான். ஆப்பிளின் எம் வரிசைச் சிப் உள்ள மேக்கில் மெய்நிகர் கணினி அமைப்பவர்களைப் போல, ஆர்ம் வகைப் பிராசஸர் வைத்திருப்பவர்களுக்குத்தான் ஆர்ம்64 வேண்டும்.

கோப்பு இறங்கியதும் அதைச் சரிபாருங்கள். பலர் தாண்டிப் போகும் படி இது, ஆனால் ஒரு நிமிட வேலை. டவுன்லோடு நடுவில் அறுந்து, ஒரு சிறு பகுதி கெட்டுப்போயிருந்தால் இன்ஸ்டாலர் பாதி வழியில் புரியாத பிழை காட்டி நிற்கும். அப்போது வட்டு கெட்டதா, மெமரி கெட்டதா என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். உபுண்டு ஒவ்வொரு ஐஎஸ்ஓவுக்கும் எஸ்ஹெச்ஏ256 என்ற முறையில் கணக்கிட்ட 64 எழுத்து நீளக் கைரேகை ஒன்றை வெளியிடுகிறது. உங்கள் கணினியில் அதே கணக்கைச் செய்து ஒப்பிட வேண்டும். விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து கெட்-ஃபைல்ஹாஷ் என்ற கட்டளையோடு கோப்பின் பெயரைக் கொடுங்கள். அது எஸ்ஹெச்ஏ256-ஐத்தான் இயல்பாகக் கணக்கிடும். லினக்ஸில் எஸ்ஹெச்ஏ256சம் என்ற கட்டளை. முதல் சில எழுத்துகளையும் கடைசிச் சில எழுத்துகளையும் மட்டும் ஒப்பிடாமல் முழுவதையும் ஒப்பிடுங்கள். இரண்டையும் ஒரு நோட்பேடில் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டினால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஒத்துப்போகவில்லை என்றால் அந்தக் கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி இறக்குங்கள்.

பென்டிரைவில் எழுதுதல்

காப்பி செய்வது வேறு, எழுதுவது வேறு. ஐஎஸ்ஓ கோப்பை இழுத்து பென்டிரைவில் போட்டால் அதற்குள் ஒரு பெரிய கோப்பு கிடக்கும், அவ்வளவுதான். கணினி அதிலிருந்து பூட் ஆகாது. ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் பூட் பகுதி பென்டிரைவின் தொடக்கத்தில் வந்து உட்கார வேண்டும். அதற்கென்று கருவிகள் உண்டு. விண்டோஸில் ரூஃபஸ். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் பலேனா எட்ச்சர். பல ஐஎஸ்ஓக்களை ஒரே பென்டிரைவில் வைத்து, பூட் ஆகும்போது தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் வென்டாய்.

புதியவர்களுக்கு எட்ச்சரைச் சொல்வேன். அதில் கேள்விகள் குறைவு, எழுதி முடித்ததும் சரியாக எழுதியிருக்கிறதா என்று தானே சோதித்தும் பார்க்கும். ரூஃபஸ் வைத்திருப்பவர்கள் இயல்பான தேர்வுகளை மாற்றாமல் விடுங்கள். எழுதத் தொடங்கும்போது ஐஎஸ்ஓ முறையா, டிடி முறையா என்று கேட்கும். பரிந்துரைக்கும் ஐஎஸ்ஓ முறையையே முதலில் எடுங்கள். அதில் பூட் ஆகவில்லை என்றால் மட்டும் டிடி முறையில் மறுபடி எழுதிப் பாருங்கள்.

8 ஜிபி பென்டிரைவ் தாராளம். அதில் இருப்பதெல்லாம் அழியும் என்பதால் வேண்டியதை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கருவியில் டிரைவைத் தேர்ந்தெடுக்கும்போது அளவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். வெளி ஹார்ட் டிஸ்க் ஏதாவது செருகியிருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். எழுதி முடிந்ததும் விண்டோஸ், "இந்த டிரைவை ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று ஒரு பெட்டியைக் காட்டலாம். விண்டோஸுக்குப் புரியாத பார்ட்டிஷன் அதில் இருப்பதால் அப்படிக் கேட்கிறது. ஃபார்மட் கொடுத்தால் செய்த வேலை வீண். மூடிவிட்டு பென்டிரைவை எடுத்துவிடுங்கள்.

பென்டிரைவிலிருந்து பூட் செய்தல்

கணினியை அணைத்து, பென்டிரைவைச் செருகி, மறுபடி போட்டவுடன் பூட் மெனு விசையை விடாமல் தட்டுங்கள். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசுஸ் மதர்போர்டில் எஃப்8, எம்எஸ்ஐயில் எஃப்11. ரேக்கில் வைக்கும் டெல் பவர்எட்ஜ், ஹெச்பிஇ புரோலையன்ட் சர்வர்களில் எஃப்11. மெனுவில் பென்டிரைவின் பெயர் இரண்டு முறை தெரிந்தால் யுஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்த புதிய முறை) என்று குறித்திருப்பதை எடுங்கள். கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட்டை அணைக்கத் தேவையில்லை. உபுண்டுவின் பூட் நிரல் அதற்கான கையொப்பத்தோடுதான் வருகிறது.

உண்மையான சர்வர் பெட்டியாக இருந்தால் பென்டிரைவ் இல்லாமலும் செய்யலாம். டெல்லில் ஐடிராக், ஹெச்பிஇயில் ஐலோ என்று தொலைவிலிருந்து இயக்கும் வசதி இருக்கும். அதில் விர்ச்சுவல் மீடியா வழியாக உங்கள் லேப்டாப்பில் உள்ள ஐஎஸ்ஓவையே அந்தச் சர்வரின் சிடி டிரைவ் போல மாட்டிவிடலாம். சர்வர் அறைக்குப் போக வேண்டியதே இல்லை. சில மாடல்களில் இதற்கு உயர்நிலை உரிமம் கேட்கும்.

பூட் ஆனதும் க்ரப் என்ற தொடக்க நிரலின் மெனு வரும். முதல் வரியில் என்டர் தட்டுங்கள். சற்று நேரம் எழுத்துகள் ஓடியபின் மொழித் திரை வந்து நிற்கும்.

இன்ஸ்டாலருக்குள்

மேல்-கீழ் அம்புக்குறி, டேப், ஸ்பேஸ், என்டர். இந்த விசைகளோடு முழு இன்ஸ்டாலையும் முடித்துவிடலாம். பெட்டியில் குறி போட ஸ்பேஸ், அடுத்த திரைக்குப் போக 'டன்' என்ற பொத்தானில் என்டர்.

மொழியை ஆங்கிலமாக வைத்துக்கொள்ளுங்கள். பிழைச் செய்தி வந்தால் இணையத்தில் தேட அதுதான் எளிது. புதிய இன்ஸ்டாலர் இருக்கிறது, அப்டேட் செய்யலாமா என்று கேட்டால், அப்டேட் செய்யாமலே கடந்துவிடலாம்.

கீபோர்டுத் திரையைச் சற்று நின்று பாருங்கள். அமெரிக்க அமைப்பில் ஷிஃப்ட்டும் 2-ம் அழுத்தினால் @ வரும், பிரிட்டிஷ் அமைப்பில் அதே விசைக்கு மேற்கோள் குறி வரும். தப்பான அமைப்பில் இருந்துகொண்டு பாஸ்வேர்டில் @ வைத்தால் சர்வரில் பதிவாவது வேறு எழுத்து. பாஸ்வேர்டு தட்டும்போது எழுத்து தெரியாதே, அதனால் கண்டுபிடிக்கவும் முடியாது. பிறகு லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) மூலம் நுழையப் பார்த்தால் "பாஸ்வேர்டு தவறு" என்றே வந்துகொண்டிருக்கும்.

அடுத்து நிறுவல் வகை. 'உபுண்டு சர்வர்', 'மினிமைஸ்டு' என்று இரண்டு. கற்றுக்கொள்பவர்களுக்கு முதலாவதுதான். இரண்டாவதில் மனிதர்கள் உள்ளே வந்து வேலை செய்யத் தேவையான பல சிறு கருவிகள் இருக்காது.

நெட்வொர்க் திரையில், கேபிள் செருகியிருந்தால், ரவுட்டர் முகவரி ஒதுக்கும் டிஹெச்சிபி முறை வழியாக ஒரு ஐபி முகவரி தானாக வந்திருக்கும். அப்படியே விட்டுவிடலாம். ஆனால் சர்வரின் முகவரி நாளைக்கு மாறினால் அதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும். இதற்குச் சுலபமான வழி, ரவுட்டரிலேயே இந்தக் கணினிக்கு இந்த முகவரி என்று ஒதுக்கி வைப்பது. இன்ஸ்டாலரிலேயே நிலையான முகவரி வைக்க விரும்பினால் ஐபிவி4-ஐத் திருத்தி 'மேனுவல்' கொடுங்கள். அங்கே எல்லாரும் தடுக்கி விழும் கட்டம் 'சப்நெட்'. அதில் உங்கள் சர்வரின் முகவரியை எழுதக் கூடாது, நெட்வொர்க்கின் முகவரியை எழுத வேண்டும். சர்வருக்கு 192.168.1.50 வேண்டுமென்றால் சப்நெட்டில் 192.168.1.0/24. அதற்குக் கீழே 'அட்ரஸ்' கட்டத்தில்தான் 192.168.1.50. கேட்வே என்பது பெரும்பாலும் ரவுட்டரின் முகவரி. தளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித்தரும் நேம் சர்வரிலும் அதையே போடலாம், அல்லது 1.1.1.1, 8.8.8.8 போன்ற பொது முகவரிகளைப் போடலாம்.

பிராக்ஸித் திரையைக் காலியாக விடுங்கள். மிரர் திரையில், மென்பொருள்களை இறக்கும் தளத்தை இன்ஸ்டாலர் தானே சோதித்துப் பார்க்கும், முடியும்வரை காத்திருங்கள்.

வட்டுத் திரை: இங்கே அவசரம் வேண்டாம்

இதுவரை நீங்கள் அழுத்திய எதுவும் வட்டைத் தொடவில்லை. இந்தத் திரையிலிருந்துதான் விஷயம் தீவிரமாகிறது.

முதல் தேர்வு, முழு வட்டையும் பயன்படுத்து என்பது. இயல்பாக அதுவே குறியிடப்பட்டிருக்கும். கணினியில் ஒரே ஒரு வட்டு, அதில் காப்பாற்ற வேண்டியது எதுவும் இல்லை என்றால் இதுவே சரி. இரண்டு வட்டுகள் இருந்தால் அளவையும் மாடல் பெயரையும் பார்த்து எது எது என்று உறுதி செய்யுங்கள். தரவு உள்ள வட்டின் கேபிளை இன்ஸ்டால் முடியும்வரை கழற்றி வைக்க முடிந்தால், அதைவிடப் பாதுகாப்பு வேறில்லை. இந்தக் கணினியில் விண்டோஸும் இருக்கட்டும், சர்வரும் இருக்கட்டும் என்று நினைக்காதீர்கள். சர்வர் என்பது எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டியது, இரட்டை பூட் அதற்குப் பொருந்தாது.

வட்டே பட்டியலில் தெரியவில்லையா? வட்டு கெட்டுப்போயிருக்கும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இன்டெல் கணினிகளில் பயாஸில் சேமிப்பு முறை 'ரெய்டு', 'ஆர்எஸ்டி' அல்லது 'விஎம்டி' என்று இருந்தால் இப்படி ஆகும். அதை ஏஹெச்சிஐக்கு மாற்றிப் பாருங்கள். பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு கன்ட்ரோலர் உள்ள சர்வர் பெட்டிகளில், முதலில் கன்ட்ரோலரின் மெனுவுக்குள் போய் வட்டுகளைச் சேர்த்து ஒரு விர்ச்சுவல் டிஸ்க் உருவாக்கினால்தான் இன்ஸ்டாலர் கண்ணில் படும்.

அடுத்தது எல்விஎம், வட்டின் இடத்தை ஒரு குழுவாகச் சேர்த்துப் பிரித்துக் கொடுக்கும் முறை. குறியை அப்படியே விடுங்கள். பின்னால் இடத்தைக் கூட்டவும், இன்னொரு வட்டைச் சேர்க்கவும் அது உதவும். அதற்குக் கீழே லக்ஸ் என்ற குறியாக்கத் தேர்வு இருக்கும். அதை இயக்கினால் சர்வர் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் அதன் கீபோர்டில் யாராவது கடவுச்சொற்றொடரைத் தட்ட வேண்டும். மின்சாரம் போய் வந்தபிறகு தானாக எழுந்து நிற்க வேண்டிய சர்வருக்கு இது ஒத்துவராது. திருட்டுக்கு வாய்ப்புள்ள இடத்தில் வைக்கப்போகும் கணினி என்றால் யோசிக்கலாம்.

'டன்' கொடுத்ததும் ஒரு சுருக்கத் திரை வரும். இதைத்தான் பெரும்பாலோர் படிப்பதில்லை, படித்தே ஆக வேண்டிய திரையும் இதுதான். மேலே கோப்பமைப்புகளின் பட்டியல் இருக்கும். சாய்கோடு ஒன்று மட்டும் இருக்கும் வரிதான் ரூட், அதாவது உங்கள் கோப்புகள் எல்லாம் போகும் இடம். அதன் அளவைப் பாருங்கள். உங்கள் வட்டு 1 டிபி என்றால் அங்கே 100 ஜிபி என்று இருக்கும். 25 ஜிபி மெய்நிகர் வட்டு என்றால் பாதியைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். இது பிழையல்ல. எல்விஎம் குழுவில் 20 முதல் 200 ஜிபிவரை இடம் இருந்தால் பாதியையும், அதற்கு மேலே போனால் 100 ஜிபியையும் மட்டும்தான் உபுண்டு இன்ஸ்டாலர் ரூட்டுக்குக் கொடுக்கும். மீதியைப் பின்னால் வளர்வதற்கும் ஸ்னாப்ஷாட் (வட்டின் அந்த நேர நிலையின் பதிவு) எடுப்பதற்கும் ஒதுக்கி வைக்கும். காரணம் நல்ல காரணம்தான். ஆனால் புதியவர்களுக்கு இது தெரியாது. சில மாதம் கழித்து "வட்டு நிரம்பிவிட்டது" என்று சர்வர் நின்றுபோகும்போது, 1 டிபி வட்டு எங்கே போயிற்று என்று தேடுவார்கள்.

முழு இடமும் வேண்டுமென்றால் இப்போதே மாற்றிவிடலாம். கீழே, பயன்படுத்தப்பட்ட சாதனங்கள் என்ற பகுதியில் 'உபுண்டு-எல்வி' என்ற வரிக்குப் போய் என்டர் தட்டினால் ஒரு சிறு மெனு திறக்கும். 'எடிட்' கொடுங்கள். அளவுக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே அதிகபட்ச அளவு எவ்வளவு என்று காட்டும். அந்த எண்ணைக் கட்டத்தில் எழுதி 'சேவ்' கொடுங்கள். மேலே ரூட்டின் அளவு மாறியிருப்பதைப் பார்த்துவிட்டு 'டன்'. இப்போது தவறவிட்டாலும் பரவாயில்லை. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்விஎக்ஸ்டென்ட் என்ற கட்டளையால் பின்னால் கூட்டிக்கொள்ளலாம்.

இப்போது, "அழிக்கும் செயலை உறுதி செய்யவும்" என்ற பொருளில் ஒரு பெட்டி வரும். இதில் 'கன்டின்யூ' கொடுத்த நொடியிலிருந்துதான் வட்டில் எழுதத் தொடங்கும். பிறகு பின்னால் திரும்பிவர முடியாது. சந்தேகம் கொஞ்சம் இருந்தாலும் 'நோ' கொடுத்துச் சுருக்கத் திரையை மறுபடி பாருங்கள்.

பெயர், பாஸ்வேர்டு, எஸ்எஸ்ஹெச்

சர்வரின் பெயரில் சிறிய ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 'டெஸ்ட்' என்று வைப்பதைவிட அதன் வேலையைச் சொல்லும் பெயராக இருந்தால், நாளைக்கு நான்கு சர்வர் ஆனபிறகும் குழப்பம் வராது. பயனர்பெயராக ரூட் என்று வைக்க முடியாது. ரூட் என்பது முழு அதிகாரம் உள்ள நிர்வாகிக் கணக்கின் பெயரும்கூட (வட்டுத் திரையில் பார்த்த ரூட் வேறு), உபுண்டுவில் அந்தக் கணக்கு பூட்டியே இருக்கும். நீங்கள் உருவாக்கும் இந்தக் கணக்குக்குத்தான் சுடோ அதிகாரம், அதாவது நிர்வாகியாகக் கட்டளைகளை ஓட்டும் உரிமை, கிடைக்கும். அதனால் இந்தப் பாஸ்வேர்டு தொலைந்தால் வேலை கெட்டுவிடும், பத்திரமான இடத்தில் குறித்து வையுங்கள்.

உபுண்டு புரோ என்ற கூடுதல் ஆதரவுச் சந்தா பற்றிய திரையை இப்போதைக்குத் தவிர்த்துவிடலாம். தனிநபர்களுக்கு ஐந்து கணினிகள்வரை அது இலவசம், பிறகு எப்போது வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம்.

எஸ்எஸ்ஹெச் திரையில் 'இன்ஸ்டால் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சர்வர்' என்ற பெட்டி இயல்பாகக் காலியாக இருக்கும். ஸ்பேஸ் தட்டி அதில் குறி போடுங்கள். இதை மறந்துவிட்டு, பிறகு வேறு கணினியிலிருந்து ஏன் நுழைய முடியவில்லை என்று கேட்பவர்கள் ஏராளம். கிட்ஹப் தளத்தில் ஏற்கெனவே எஸ்எஸ்ஹெச் சாவி (பாஸ்வேர்டுக்குப் பதிலாக நுழைய உதவும் கோப்பு) வைத்திருப்பவர்கள் பயனர்பெயரைக் கொடுத்து இங்கேயே அதை இறக்கிக்கொள்ளலாம்.

கடைசியாக ஸ்னாப் எனப்படும் மென்பொருள் பொதிகளின் பட்டியல் ஒன்று வரும். டாக்கர், நெக்ஸ்ட்கிளவுட் என்று கவர்ச்சியான பெயர்கள் இருக்கும். எதையும் தொடாதீர்கள். ஒவ்வொன்றையும் எப்படி நிறுவுவது என்று அதனதன் ஆவணத்தைப் படித்துப் பிறகு செய்வதுதான் நல்லது.

அப்புறம் இன்ஸ்டால் ஓடும். முடிந்ததும் பாதுகாப்பு அப்டேட்டுகளை இறக்கிக்கொண்டிருக்கும். அப்போது கீழே, அப்டேட்டை நிறுத்திவிட்டு ரீபூட் செய்யலாம் என்ற பொத்தான் தெரியும். பொறுத்திருங்கள். அது 'ரீபூட் நவ்' என்று மாறியபிறகு அழுத்துங்கள்.

முதல் பூட்

ரீபூட் ஆகும்போது சிடியைக் கழற்ற முடியவில்லை என்று ஒரு பிழை வரியும், நிறுவல் ஊடகத்தை எடுத்துவிட்டு என்டர் தட்டவும் என்ற வேண்டுகோளும் வரலாம். அந்தப் பிழையைப் பொருட்படுத்த வேண்டாம். பென்டிரைவை எடுத்துவிட்டு என்டர் தட்டுங்கள். மெய்நிகர் கணினியாக இருந்தால் அமைப்பில் போய் ஐஎஸ்ஓவைக் கழற்றிவிடுங்கள். மறுபடியும் மொழித் திரையே வந்தால், ஐஎஸ்ஓ இன்னும் மாட்டியிருக்கிறது என்று பொருள்.

கறுப்புத் திரையில் லாகின் என்ற சொல் வரும். அதன் மேலேயே வேறு சில வரிகள் வந்து விழுந்து, கர்சர் எங்கோ நின்றுவிடும். அவை க்ளவுட்-இனிட் என்ற நிரல் முதல் பூட்டில் எழுதும் செய்திகள். எஸ்எஸ்ஹெச் சாவிகளை உருவாக்கியதைச் சொல்லும் வரிகளும் அவற்றில் இருக்கும். கணினி தொங்கிவிட்டது என்று பவரை அணைத்துவிடாதீர்கள். என்டர் ஒருமுறை தட்டுங்கள், லாகின் வரி மறுபடி வரும். பயனர்பெயரைக் கொடுத்து, பாஸ்வேர்டைத் தட்டுங்கள். தட்டும்போது நட்சத்திரக் குறிகூட வராது. நீங்கள் தட்டுவது உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும்.

பூட் ஆகும்போது நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கிறது என்ற வரியில் இரண்டு நிமிடம் நின்றால், கேபிள் செருகாத நெட்வொர்க் அட்டை ஒன்று அமைப்பில் இருக்கிறது என்று பொருள். அதை நெட்பிளான் என்ற நெட்வொர்க் அமைப்புக் கோப்பில் கட்டாயமற்றது என்று குறித்துவிட்டால் காத்திருப்பு போய்விடும்.

உள்ளே நுழைந்ததும் வரும் வரவேற்புச் செய்தியிலேயே ஐபி முகவரி இருக்கும். இனி சர்வரின் முன்னால் உட்கார வேண்டியதில்லை. உங்கள் வழக்கமான கணினியில் டெர்மினலைத் திறந்து எஸ்எஸ்ஹெச் என்று தட்டி, பயனர்பெயர், @ குறி, ஐபி முகவரி ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் எஸ்எஸ்ஹெச் கட்டளை கூடவே வருகிறது. முதல்முறை, இந்தக் கணினியை நம்பலாமா என்று கேட்கும். 'யெஸ்' என்று முழுச் சொல்லாகத் தட்டுங்கள்.

விர்ச்சுவல்பாக்ஸில் முகவரி 10.0.2.15 என்று இருந்தால் எஸ்எஸ்ஹெச் எட்டாது. அது நேட் முறையில், மெய்நிகர் கணினிக்கு உள்ளே மட்டும் செல்லுபடியாகும்படி கிடைக்கும் உள்முகவரி. நெட்வொர்க் அமைப்பை 'பிரிட்ஜ்டு அடாப்டர்' என்று மாற்றி மறுபடி தொடங்குங்கள். பழகுவதற்காக ஒரே முகவரியில் பலமுறை இன்ஸ்டால் செய்தால், எதிர்க்கணினியின் அடையாளம் மாறிவிட்டது என்று எஸ்எஸ்ஹெச் பெரிதாக எச்சரிக்கும். மாற்றியது நீங்களே என்பதால் பயமில்லை. பழைய அடையாளத்தை எஸ்எஸ்ஹெச்-கீஜென் கட்டளையால் நீக்கிவிட்டுத் தொடரலாம். நீங்கள் எதுவும் மாற்றாமலே அந்த எச்சரிக்கை வந்தால் மட்டும் நின்று விசாரியுங்கள்.

உடனே செய்ய வேண்டியவை

மென்பொருள்களைப் புதுப்பிக்கும் ஆப்ட் அப்டேட், அப்புறம் ஆப்ட் அப்கிரேட், இரண்டு கட்டளைகளையும் சுடோவோடு ஓட்டுங்கள். நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். டைம்டேட்சிடிஎல் கட்டளையால் உங்கள் நேர மண்டலத்தை வையுங்கள். பிறகு லாக் கோப்புகளைப் படிக்கும்போது அதன் அருமை தெரியும்.

ஃபயர்வாலுக்கு யுஎஃப்டபிள்யூ ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும், ஆனால் இயங்காது. இயக்கும் முன் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சை அனுமதிக்கும் விதியைச் சேருங்கள். வரிசை மாறினால், தொலைவில் இருக்கும் சர்வருக்குள் நீங்களே நுழைய முடியாமல் வெளியே நிற்பீர்கள்.

பழைய லேப்டாப்பைச் சர்வராக மாற்றியவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். மூடியை மூடினால் அது தூங்கிவிடும். லாகின்டி.கான்ஃப் கோப்பில் மூடி தொடர்பான வரியை 'இக்னோர்' என்று மாற்றினால் மூடிய நிலையிலும் ஓடும்.

சர்வரை இணையத்துக்குத் திறக்கப்போகிறீர்கள் என்றால் எஸ்எஸ்ஹெச் பாஸ்வேர்டு நுழைவை நிறுத்திவிட்டுச் சாவிக்கு மாறுங்கள். எஸ்எஸ்ஹெச்-கீஜென் கொண்டு உங்கள் கணினியில் சாவியை உருவாக்கி, பொதுச் சாவியைச் சர்வரில் சேர்த்து, அதைக் கொண்டு நுழைய முடிகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக் கோப்பில் பாஸ்வேர்டு நுழைவை 'நோ' ஆக்குங்கள். சரியாக மாற்றியும் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருந்தால், எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்.டி என்ற அடைவுக்குள் 50-க்ளவுட்-இனிட்.கான்ஃப் என்ற கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கோப்பு முதலில் படிக்கப்படுகிறது, முதலில் கிடைக்கும் மதிப்பைத்தான் எஸ்எஸ்ஹெச் எடுத்துக்கொள்ளும். அதிலும் 'நோ' ஆக்கி, எஸ்எஸ்ஹெச் சேவையை மறுபடி தொடங்குங்கள். இப்போது திறந்திருக்கும் இணைப்பை மூடாமல், இன்னொரு டெர்மினலைத் திறந்து சாவியால் நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தபிறகே பழைய இணைப்பை மூடுங்கள்.